மேலே வரும் கப்பலும் கீழே போகும் படகும்

கொழும்புத் துறைமுகத்துக்கு ஒரு நீர்மூழ்கிக் கப்பல் வந்தால் லா சப்பலில் இரண்டு நாளைக்குக் கதை ஓடும். எந்த நாட்டுக் கப்பல், யார் கூப்பிட்டது, இந்தியாவுக்குக் கோபமா, சீனாவுக்குக் கோபமா என்று தேத்தண்ணிக் கடை வாசலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஆளுக்கொரு விளக்கம். 2014 செப்டெம்பரில் சீன நீர்மூழ்கி வந்தபோது இப்படித்தான். 2023 ஜூனில் இந்தியாவின் வாகிர் வந்தபோதும், 2024 பெப்ரவரியில் கரஞ்ச் வந்தபோதும் இப்படித்தான். நானும் அந்தக் கதைகளில் பங்கெடுத்தவன்தான்.

ஆனால் அதே கரஞ்சின் பெயர் அடிபட்ட இன்னொரு செய்தி எங்கட குழுக்களில் பெரிதாக ஓடவில்லை. 2024 நவம்பர் 21 அன்று, கோவாவுக்கு வடமேற்கே ஏறக்குறைய 70 கடல் மைல் தூரத்தில், ‘மார்த்தோமா’ என்ற மீன்பிடிப் படகும் இந்தியக் கடற்படையின் நீர்மூழ்கி ஒன்றும் மோதிக்கொண்டன. படகில் 13 பேர். 11 பேர் மீட்கப்பட்டார்கள். இருவர் உயிரோடு திரும்பவில்லை. அந்தப் படகில் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்களும் இருந்தார்கள். மோதியது ஸ்கோர்பீன் வகை நீர்மூழ்கி என்று கடற்படை அறிவித்தது. அது கரஞ்ச் என்று இந்தியப் பத்திரிகைகள் பெயர் சொல்லி எழுதின. விவகாரம் மும்பை உயர் நீதிமன்றம் வரை போனது.

அதாவது ஒன்பது மாதத்துக்கு முந்தி கொழும்பு மரியாதையோடு வரவேற்ற கப்பல். அதன் வடிவமைப்பு பிரான்ஸினுடையது. 2005-இல் செய்த ஒப்பந்தத்தின்படி இந்த வகையில் ஆறு நீர்மூழ்கிகளை மும்பை மசகான் கப்பல் கட்டுதளத்தில் கட்டினார்கள். முதலாவது கல்வரி 2017 டிசெம்பரிலும், ஆறாவது வாக்‌ஷீர் 2025 ஜனவரியிலும் சேவைக்கு வந்தன. 2023 ஜூலையில் மோடி பாரிஸுக்கு வந்தபோது இன்னும் மூன்று வாங்குவதற்கு டில்லி பச்சைக்கொடி காட்டியிருந்தது. வடிவமைத்த நேவல் குரூப் நிறுவனத்தின் தலைமையகம் இதே பாரிஸில். அதில் பெரும்பங்கு பிரெஞ்சு அரசின் கையில். லா சப்பலில் கடை வைத்து வரி கட்டும் எங்களுக்கும் அதில் ஒரு துளி பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நவீனமான கப்பல், தனக்கு மேலேயோ முன்னாலேயோ இருந்த ஒரு மீன்பிடிப் படகை எப்படித் தவறவிட்டது? அந்த ஒரு விபத்தில் பிழை யார் பக்கம் என்பது விசாரணையின் வேலை. நான் கேட்பது வேறு. இந்த மாதிரி விபத்து ஏன் நடக்கக்கூடியதாக இருக்கிறது? அதற்குப் பதில் அரசியலில் இல்லை. சின்னப் பிள்ளைகள் கேட்கும் கேள்வியில் இருக்கிறது: இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது, நீர்மூழ்கி எப்படித் தாழ்ந்து எப்படி மேலே வருகிறது?

குசினித் தொட்டியில் தண்ணியை நிரப்பி ஒரு கரண்டியைப் போடுங்கள். தாழ்ந்துவிடும். அதே உலோகத்தில் செய்த கிண்ணத்தை வையுங்கள். மிதக்கும். தண்ணிக்குள் இடம்பிடிக்கும் எந்தப் பொருளும் அவ்வளவு தண்ணியை விலக்குகிறது. விலகிய தண்ணியின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசையோடு தண்ணி அந்தப் பொருளை மேலே தள்ளுகிறது. 2,200 ஆண்டுகளுக்கு முந்தி ஆர்க்கிமிடீஸ் சொன்னது இதுதான். உருக்கு தண்ணியைவிட எட்டு மடங்கு பாரம். கட்டியாகப் போட்டால் அது விலக்கும் தண்ணி அதைத் தாங்கப் போதாது. கிண்ணமாக விரித்தால் உள்ளே காற்று அடைபடுகிறது. பாரம் கூடாமலே பருமன் கூடுகிறது. விலக்கும் தண்ணியும் கூடுகிறது. ஒரு லட்சம் தொன் கொள்கலன் கப்பலும் இந்தக் கிண்ணம்தான்.

கிண்ணத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அரிசியைப் போட்டுக்கொண்டே போங்கள். விளிம்பு தண்ணி மட்டத்துக்குக் கிட்டக் கிட்ட வரும். தண்ணிக்கு மேலே தெரியும் அந்த விளிம்பின் உயரம்தான் படகின் கையிருப்பு. அலை அடித்தால், ஆட்கள் ஒரு பக்கம் சாய்ந்தால், வலை எங்காவது மாட்டி இழுத்தால் அந்தக் கையிருப்பிலிருந்துதான் படகு சமாளிக்கும். விளிம்புக்கு மேலால் தண்ணி உள்ளே வந்துவிட்டால் காற்று வெளியேறும். பிறகு ஒரு நிமிடம் போதும்.

நீர்மூழ்கி, இந்தக் கையிருப்பைத் தானாகவே கைவிடத் தெரிந்த கப்பல். கல்வரி வகையை எடுத்துக்கொண்டால், மேலே மிதக்கும்போது அது விலக்கும் தண்ணி ஏறக்குறைய 1,615 தொன். மூழ்கியிருக்கும்போது 1,775 தொன். இடையில் உள்ள 160 தொன்தான் முழு வித்தை. உடம்பை ஒட்டிச் சில தாங்கிகள் இருக்கின்றன. அடியில் திறப்பு, மேலே வால்வு. வால்வைத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று மேலால் போகும். அடியால் கடல் உள்ளே வரும். 160 தொன் தண்ணி ஏறியதும் கப்பலின் எடையும் அது விலக்கும் தண்ணியின் எடையும் சமமாகிவிடும். இனி மிதக்கவும் மாட்டாது, தாழவும் மாட்டாது. செட்டை போன்ற தகடுகளைச் சாய்த்து, உந்துவிசையோடு மேலும் கீழும் போகும்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. மேலே வந்து மிதக்கும்போதுகூட, முழு உடம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான் தண்ணிக்கு வெளியே தெரியும். குளத்தில் கிடக்கும் முதலையைப் போல. சரக்குக் கப்பல் ஒன்றை இருட்டில் வெளிச்சங்களை வைத்தே தூரத்தில் அடையாளம் காணலாம். கறுப்பு நிறத்தில், தண்ணியோடு தண்ணியாகப் படுத்திருக்கும் நீர்மூழ்கியை அப்படிக் காண முடியாது.

பாரிஸில் இருப்பவர்கள் இதை நேரில் பார்க்கலாம். லா சப்பலிலிருந்து ஸ்டாலின்கிராடுக்கு வந்து கால்வாய்க் கரையால் நடந்தால் விலெத் பூங்கா. அங்கே அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் ஆர்கோநோத் என்ற உண்மையான நீர்மூழ்கியைத் தரையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். 1957-இல் கடலில் இறக்கியது, 1982-இல் ஓய்வுபெற்றது, ஏறக்குறைய 50 மீட்டர் நீளம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன எவருக்கும் தெரியும், முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: “ஜன்னல் எங்கே?”

ஜன்னல் இல்லை. இராணுவ நீர்மூழ்கிகளுக்குப் பொதுவாகவே இல்லை. ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு தொன் அழுத்தம் கூடுகிறது. நூறு மீட்டர் ஆழத்தில், ஒரு சாப்பாட்டு மேசையளவு இடத்தில் நூறு தொன்னுக்கும் மேல். அங்கே கண்ணாடி வைப்பது சாவை அழைப்பது. ஆகவே அது காதால்தான் பார்க்கிறது. தானே ஒலி எழுப்பி எதிரொலியைக் கேட்கவும் முடியும்; ஆனால் அப்படிச் செய்தால் தன் இருப்பிடத்தைத் தானே ஊருக்குச் சொன்னதாகிவிடும். அதனால் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் எங்கட மீனவனின் பிரச்சினை தொடங்குகிறது. கடலில் வலை போட்டவன் என்ன செய்வான்? எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, வலையோடு அலையில் மிதந்துகொண்டு, ஒரு கண் உறங்குவான். என் அப்பா காலத்திலும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். எஞ்சின் ஓடாத படகு நீர்மூழ்கியின் காதுக்கு இல்லாத படகு. போதாக்குறைக்கு, எங்கட வெப்பக் கடல்களில் மேலே சூடான தண்ணி, கீழே குளிர்ந்த தண்ணி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒலி வளைந்து போகும். மேலே எழும் சத்தம் கீழே நேராக வந்து சேராது. கடைசியில் பெரிஸ்கோப்பைத் தூக்கிப் பார்க்கலாம்தான். அதற்கு அந்தக் கப்பல் ஏற்கெனவே மேல்மட்டத்துக்குக் கிட்ட வந்திருக்க வேண்டும்.

மேலே வருவதும் நாங்கள் நினைப்பதுபோல் எப்போதும் மெதுவாக நடப்பதில்லை. வழமையாகத் தகடுகளைச் சாய்த்து மெல்ல ஏறி, சுற்றிப் பார்த்து, பிறகு தாங்கித் தண்ணியைக் காற்றால் வெளியே தள்ளுவார்கள். அவசரம் என்றால் இருக்கும் அழுத்தக் காற்று முழுவதையும் ஒரே அடியாகத் தாங்கிக்குள் திறந்துவிடுவார்கள். ஆழத்தில் கிடக்கும் கலவாய் மீனைச் சடுதியாக இழுத்தால் அதன் வயிறு ஊதிப்போய் வருவதைக் கடற்கரை ஆட்கள் பார்த்திருப்பீர்கள். மேலே வர வர அழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் காற்று விரியும். நீர்மூழ்கியிலும் அதுவேதான். காற்று விரிய விரிய இன்னும் தண்ணியைத் தள்ளும், கப்பல் இன்னும் வேகமாக ஏறும். பாதியில் நிறுத்த வழியில்லை.

2001 பெப்ரவரி 9 அன்று ஹவாய்த் தீவுகளுக்கு அருகே அமெரிக்க நீர்மூழ்கி கிரீன்வில் அப்படி ஏறியது. அவசரமும் இல்லை, ஆபத்தும் இல்லை. கப்பலில் வந்திருந்த விருந்தினர்களுக்குக் காட்டுவதற்காக. மேலே ‘எஹிமே மாரு’ என்ற ஜப்பானியக் கப்பல் நின்றது. மீன்பிடித் தொழில் படிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பயிற்சிக் கப்பல். அடியில் கிழிபட்டுச் சில நிமிடங்களில் தாழ்ந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வர் மாணவர்கள்.

வலை மாட்டுவது இன்னொரு விதம். 1990 நவம்பர் 22-இல் ஸ்கொட்லாந்தின் கிளைட் கடலில், பிரிட்டிஷ் நீர்மூழ்கி டிரெஞ்சன்ட் ‘அன்டாரிஸ்’ என்ற இழுவைப் படகின் வலையில் மாட்டியது. இழுவை வலை என்பது உருக்குக் கம்பியால் படகோடு கட்டிய பெரிய பை. கீழே ஆயிரக்கணக்கான தொன் இரும்பு அந்தக் கம்பியை இழுத்தால், மேலே படகின் விளிம்பு எவ்வளவு நேரம் தண்ணிக்கு மேலே நிற்கும்? நாலு பேர் போனார்கள்.

பிரான்ஸில் இருப்பவர்களுக்கு ‘புகலெத் பிரேஸ்’ என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். பிரெத்தோன் மொழியில் பிரெத்தாஞ்சின் பிள்ளைகள் என்று பொருள். 2004 ஜனவரி 15 அன்று இங்கிலாந்தின் கோர்ன்வால் கரைக்கு அப்பால் அந்த இழுவைப் படகு திடீரென்று தாழ்ந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். வலையை ஒரு நீர்மூழ்கிதான் இழுத்தது என்று குடும்பங்கள் பதினேழு வருடமாக நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறின. பிரெஞ்சு நீதித்துறை வழக்கை முடித்துவிட்டது. 2021 நவம்பரில் லண்டன் விசாரணை, வலை கடலடியில் மாட்டியதால் வந்த விபத்து, நீர்மூழ்கிக்குச் சம்பந்தமில்லை என்று முடிவு சொன்னது. குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. நீதிமன்றம் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் ஏன் அவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்பதைப் பாருங்கள். நீர்மூழ்கி எங்கே நின்றது என்பதைச் சொல்லக்கூடியது கடற்படை மட்டும். அதன் தொழிலே எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்லாமல் இருப்பது. பதில் சொல்லாத அரசின் வாசலில் வருடக்கணக்காக நிற்பது என்றால் என்ன என்று முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் படத்தோடு இருக்கும் தாய்மாருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்டத்தின் 20-ஆம் பிரிவு: இன்னொரு நாட்டின் பிராந்தியக் கடலுக்குள் போகும் நீர்மூழ்கி மேலே மிதந்து, தன் கொடியைக் காட்டிக்கொண்டு போக வேண்டும். கொழும்புக்கு வரும் நீர்மூழ்கிகளை நாங்கள் படத்தில் பார்ப்பது இதனால்தான். அதாவது மிதப்பது ஒரு மரியாதை, ஒரு அறிவிப்பு. நாங்கள் பதறுவது அறிவித்துவிட்டு வருகிற கப்பலைப் பார்த்து. பிராந்தியக் கடல் என்பது கரையிலிருந்து 12 கடல் மைல். அதற்கு அப்பால் அந்தக் கட்டாயம் இல்லை. சொந்த நாட்டின் கடலில் சொந்தக் கடற்படைக்கு எங்கேயுமே இல்லை. மார்த்தோமா நின்றது 70 கடல் மைலில்.

மேலே ஓடும் கப்பல்களுக்கு வேறு விதி இருக்கிறது. மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, மீன் பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு எஞ்சினில் ஓடும் கப்பல் வழிவிட வேண்டும். படகு தன் பங்குக்கு இரவில் உரிய விளக்குகளைக் காட்ட வேண்டும்: இழுவை வலை என்றால் வெள்ளைக்கு மேலே பச்சை, மற்ற வலை என்றால் வெள்ளைக்கு மேலே சிவப்பு. நல்ல விதிதான். கீழே இருப்பவனுக்கு விளக்கு தெரியாது என்பதுதான் சிக்கல்.

இந்த இடத்தில் ஒரு வதந்தியையும் தீர்த்துவிடுவோம். பாக்கு நீரிணைக்குள் நீர்மூழ்கி பதுங்கி நிற்கிறது என்று அடிக்கடி குரல்பதிவு வரும். கல்வரி வகையின் உயரம் மட்டும் 12 மீட்டருக்கு மேல். பாக்கு நீரிணையின் பெரும்பகுதியில் தண்ணியே பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். குளிக்கும் வாளிக்குள் யானையை ஒளிக்கிற கதை அது. கிழக்கு வேறு. திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு துறைமுக வாசலுக்கே வருகிறது. கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே ஆழம் நூற்றுக்கணக்கான மீட்டர்களாகிவிடும். வாழைச்சேனையிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் பலநாள் படகுகள் போவது அந்தப் பக்கம். கன்னியாகுமரியின் தூத்தூர், சின்னத்துறை ஆட்கள் இன்னும் தூரம் போவார்கள். கோவா, குஜராத், லட்சத்தீவு தாண்டியும் சுறாவுக்குத் தூண்டில் போடுகிறவர்கள். ‘கல்வரி’ என்பதே புலிச்சுறாவுக்கு வழங்கிய பெயர் என்கிறார்கள். சுறா பிடிக்கிறவன் போகும் அதே கடலில் இரும்புச் சுறாவும் ஓடுகிறது.

நீர்மூழ்கியே வேண்டாம் என்று நான் எழுத வரவில்லை. அந்தக் கோரிக்கையை டில்லியும் பீஜிங்கும் கேட்கப்போவதில்லை. மீனவர்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை என்றும் சொல்லமாட்டேன். தங்கட மீன் இடத்தை மற்றவன் அறிந்துவிடுவான் என்றோ, ரோந்துக்குப் பயந்தோ இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்து வைப்பவர்கள் உண்டு. பற்றரியை மிச்சம் பிடிக்க விளக்கை அணைப்பவர்களும் உண்டு. இதெல்லாம் உலகம் முழுக்க நடப்பது.

ஆனால் அன்டாரிஸுக்குப் பிறகு பிரிட்டன் என்ன செய்தது என்று பாருங்கள். மீன்பிடிப் படகுகளிடமிருந்து நீர்மூழ்கிகள் எப்படி விலகி நிற்க வேண்டும் என்ற நடைமுறையை இறுக்கினார்கள். எந்தெந்தக் கடற்பகுதியில் நீர்மூழ்கிப் பயிற்சி நடக்கிறது என்பதை மீனவர்களுக்குக் கரையோர வானொலியில் அறிவிக்கும் வழக்கத்தை வலுப்படுத்தினார்கள். கப்பல் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று சொல்லத் தேவையில்லை. இந்தச் சதுரத்தில் இன்றைக்குக் கவனம் என்றால் போதும். அணு ஆயுத நீர்மூழ்கிகளை வைத்திருக்கும் நாடு செய்யக்கூடியதை டீசல் நீர்மூழ்கிக்கு இந்தியாவும் செய்யலாம். அந்த அறிவிப்பு தமிழிலும் மலையாளத்திலும், மீனவன் உண்மையில் திறந்து வைத்திருக்கும் அலைவரிசையில் வரவேண்டும். கொழும்பும் விருந்தாளி நீர்மூழ்கிகளை வரவேற்கும்போது, வரும் வழியையும் போகும் வழியையும் கிழக்கு, தெற்குக் கரை மீனவர் சங்கங்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லும்படி கேட்கப்பட வேண்டும். இதைக் கேட்க எம்.பி.மாருக்கு வெளிநாட்டுக் கொள்கையில் பெரிய புலமை தேவையில்லை.

எங்கட பக்கமும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பாரிஸிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள ஊர்ச் சங்கங்கள் பணம் சேர்த்துக் கடற்கரைக் குடும்பங்களுக்குப் படகும் எஞ்சினும் வாங்கிக் கொடுக்கின்றன. நல்ல காரியம். அந்தப் பட்டியலில் எஞ்சினுக்குக் கீழே இன்னும் நாலு வரி எழுதலாம்: ஆட்கள் அத்தனை பேருக்கும் உயிர்காப்பு அங்கி, இரவு முழுக்க எரியும் விளக்குக்குத் தனிப் பற்றரி, கரையோடு பேசும் வானொலிக் கருவி, ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் உலோகப் பிரதிபலிப்பான். மரப்படகும் ஃபைபர் படகும் ரேடார் திரையில் சரியாகத் தெரியாது. கம்பத்தின் உச்சியில் அந்தத் தகடு தொங்கினால் தெரியும், மேலே வந்துவிட்ட நீர்மூழ்கிக்கும் சரி, வேகமாக வரும் கொள்கலன் கப்பலுக்கும் சரி. நாலிலும் விலை குறைந்தது அதுதான். புதுப் படகின் படம் சங்கத்தின் முகநூலில் வரும்போது, விருப்பம் போடுவதற்கு முந்தி கம்பத்தின் உச்சியைப் பாருங்கள். தகடு இல்லையென்றால் கீழே கேள்வியாக எழுதுங்கள்.